எடுத்து வைத்த கை

"படுங்க! எல்லாரும் படுங்க!"

கத்துவது நான்தான். கத்திக்கொண்டே விழுகிறேன். முழங்கை தரையில் இடிக்கிறது. சாணம் மெழுகிய தரை. கண்ணை மூடிக்கொள்கிறேன். வாயைத் திறந்து வைக்கிறேன். வாய் திறந்திருந்தால் காது கிழியாது. ரங்கூனில் கற்றுக்கொண்டது.

முதல் அடி. வயிற்றுக்குள் கேட்கிற சத்தம். ஓலைக் கூரையிலிருந்து தூசு கொட்டுகிறது. இரண்டாவது அடி. காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். விசில் சத்தம் இல்லை. விமானம் இல்லை.

விமானம் ஏன் இருக்கப்போகிறது? இது ரங்கூன் இல்லை. ஐம்பத்து மூன்றாம் வருஷம். லெந்து காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள். அதில் ஒரு புதன்கிழமை. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு சேரி. சேரியில் ஒரு ஜெபவீடு. அதற்கு மேற்கே கல்குவாரி. தினமும் உச்சிப்பொழுதில் பாறைக்கு வேட்டு வைப்பார்கள். வைக்கும் முன் "வேட்டு! வேட்டேய்!" என்று கத்துவார்கள். அன்றைக்கும் கத்தியிருப்பார்கள். நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். காதில் விழவில்லை.

பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பழகிப்போன சிரிப்பு. "பைபிளம்மா இன்னிக்கும் வியுந்துட்டாங்கடி" என்றாள் ஒருத்தி. ஊர் ஊராகப் போய் வேதம் வாசித்து, பெண்களோடு ஜெபம் பண்ணுவது என் வேலை. செங்கல்பட்டு மிஷன் வீட்டில் தங்கல். கழுக்குன்றம் வரை பஸ். அதற்குமேல் நடை. பெயர் தெபோராள். அந்தப் பெயர் இந்தப் பக்கத்தில் யார் வாயிலும் நுழையாது. பைபிளம்மாதான்.

நான் உடனே எழவில்லை. கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. என் மூக்குக்கு நேரே ஒரு கைக்குழந்தை. கந்தல் புடவை விரித்து அதன்மேல் போட்டிருந்தது. அந்தச் சேரிப் பெண் ராகேலின் பிள்ளை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் வேட்டுச் சத்தத்துக்கு வீறிட்டுக்கொண்டிருந்தன. இந்தப் பிள்ளை அழவில்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்திருந்தது.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

டிசம்பர் இருபத்து மூன்று. நாற்பத்தொன்றாம் வருஷம். செவ்வாய்க்கிழமை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள். ரங்கூன். என் அக்கா அன்னம்மாள் அச்சுமுறுக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பதினாறு வயது. அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக என்னைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். அத்தான் ஏசடியான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மதுராந்தகம் பக்கத்தில் பண்ணையாளாக இருந்தவர். பண்ணையார் கைச்சாட்டைக்குத் தப்பி வந்தவர். ரங்கூனில் நிமிர்ந்து நடப்பார். அதற்காகவே அந்த ஊர் அவருக்குப் பிடித்திருந்தது.

சைரன் ஊதுகிறது. யாரும் ஓடவில்லை. தெருவில் இறங்கி அண்ணாந்து பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். வெயிலில் வெள்ளிப் பொட்டுகள். அழகாக இருந்தன. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழகாகத்தான் இருந்தன.

பிறகு விசில்.

"படுங்க! படு, படு!"

எதிர்வீட்டுக் காதர் பாய். மாமல்லபுரத்துக்காரர். ரங்கூனில் மளிகைக் கடையில் இருந்தார். ஓடிவந்து அக்காவையும் பிள்ளையையும் சாக்கடைக்குள் தள்ளினார். என்னைத் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். நின்று பார்த்தவர்கள் நின்ற இடத்திலேயே போனார்கள். உலக்கை மட்டும் உரலில் நின்றுகொண்டிருந்தது.

அத்தானைத் தேடித் துறைமுகத்துக்குப் போனோம். எதை அவர் என்று சொல்வது? அக்கா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். அவருக்கு இடது கையில் ஒரு விரல் வளைந்திருக்கும். அந்தக் கை கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு மறுபடியும் விமானம் வந்தது. அதற்குமேல் அங்கே இருக்கவில்லை.

கிளம்பினவர்கள் ஆறு பேர். அக்கா. அவள் பிள்ளை சாலமோன், ஆறு மாதம். அக்காவின் மாமியார் சாராள். நான். காதர் பாய். பாயின் தம்பி மீரான். வழிக்கு வேர்க்கடலையும் வெல்லமும் கட்டிக்கொண்டோம். அக்கா இன்னொரு மூட்டையும் எடுத்தாள். சபையின் பிடி அரிசி.

பிடி அரிசி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உலை கொதிக்கும்போது, அளந்த அரிசியைக் களைந்து போடும் முன், வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். வேளைக்கு ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவாள். இல்லாதவர்களுக்கு அது போய்ச் சேரும். கையில் காசு பார்க்காத பெண்களும் கர்த்தருக்குக் கொடுக்கலாம். எங்கள் பெண்களுக்கு அதில் கர்வம் உண்டு. அதற்கு ஒரு சட்டமும் உண்டு. எடுத்து வைத்த கை திரும்ப எடுக்காது. யார் போட்ட சட்டமோ தெரியாது. வேதத்தில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ரங்கூன் தமிழ்ச் சபையில் பிடி அரிசி சேர்ப்பது அக்காவின் பொறுப்பு. கோயிலில் குண்டு விழுந்துவிட்டது. கேட்க ஆளில்லை. "கர்த்தரோட அரிசி. உட்டுட்டு வரமுடியுமா?" என்றாள். பாய் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

புரோம் என்ற ஆற்றங்கரை ஊர் வரைக்கும் எப்படியோ வந்தோம். ஆற்றைத் தாண்டினோம். அதற்கப்புறம் மலை. கடற்கரைக்குப் போகிற பாதை. பாதை முழுக்க நம் ஜனங்கள். தெலுங்கு, ஒரியா, தமிழ். தண்ணீர் இல்லை. இருந்த தண்ணீரில் வாந்திபேதி. நடக்கிறோம். உட்கார்ந்தவர்கள் எழவில்லை. ஆகவே நாங்கள் உட்காரவில்லை. எனக்கு இன்றைக்கும் ஓரிடத்தில் உட்கார வராது. பஸ்ஸில்கூட நின்றுகொண்டு வருவேன். கண்டக்டர் திட்டுவான்.

அக்கா சாயங்காலந்தோறும் கஞ்சி வைத்தாள். கோயில் அரிசி. வழியில் விழுந்து கிடக்கிறவர்கள் வாயில் ஊற்றினாள். எங்களுக்கும் கொடுத்தாள். தான் தொடவில்லை. தன் பங்குக் கடலையை மென்றாள். கடலை தீர்ந்தது. வெல்லம் தீர்ந்தது. பால் குறைந்தது.

"அக்கா, ஒரு வாய் துன்னுக்கா."

"நீ துன்னு. அத்தே துன்னட்டும். பாய் துன்னட்டும். நான் எட்த்து வெச்சவ. என் கை எடுக்காது."

மாமியார் சாராள் முதலில் போனாள். வாந்திபேதி. ஒரே பகலில் முடிந்தது. அடுத்து மீரான். பாய் கையாலேயே குழி தோண்டினார். நகம் பெயர்ந்தது. அக்கா அப்போதும் யாருக்கோ கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் கெஞ்சினோம். பாய் ஒருநாள் அவள் வாயைப் பிடித்துத் திறந்து ஊற்றப் பார்த்தார். துப்பிவிட்டாள். "கோயில் சொத்தத் துன்னு என் புள்ளைக்குப் பால் கொடுக்கறதா?" என்றாள். அவளிடம் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பிள்ளை அழுகையை நிறுத்தியது. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டபோதும் அழவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மறுநாள் பார்க்கவில்லை. அக்கா அதைக் கீழே வைக்கவே இல்லை. சுமந்துகொண்டு நடந்தாள். இரண்டு நாளில் அவளும் போனாள். மூங்கில் புதர். பக்கத்தில் மூட்டை. மூட்டையில் இன்னும் அரிசி இருந்தது.

இருந்தது. அழுத்திச் சொல்கிறேன். அரிசி இருந்தது.

அதைப் பாயும் நானும் தின்றோம். தின்றுதான் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். படகு. பிறகு கப்பல். பிறகு ரயில். செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கியபோது என் மடியில் ஒரு பிடி மிச்சம் இருந்தது. ஏரியைப் பார்த்தபடி நின்று அதைப் பச்சையாகவே மென்றேன். தண்ணீர் இவ்வளவு இருக்கிறதே என்று கோபம் வந்தது.

மிஷன் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். படிக்க வைத்தார்கள். நன்றி மறக்கவில்லை. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஐயர் நல்லவர். என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார். சாட்சி என்றால் கோயிலில் எழுந்து நின்று, கர்த்தர் நடத்திவந்த விதத்தைச் சொல்வது. சொன்னேன். அன்னம்மாள் தன் பங்கையும் பிறருக்கு ஊட்டி உயிரை விட்டாள் என்றேன். கோயிலே அழுதது. மூட்டையில் மிச்சம் இருந்ததையும் சொன்னேன். ஐயர் பிறகு தனியாகக் கூப்பிட்டார். "அந்த எடத்த மட்டும் விட்டுரும்மா. ஜனங்க கொழம்பிருவாங்க" என்றார்.

அதற்கப்புறம் அந்த இடம் சாட்சியில் இல்லை. மதுராந்தகத்தில் சொன்னேன். சதுரங்கப்பட்டினத்தில் சொன்னேன். வருஷாந்தரக் கன்வென்ஷன் கூட்டப் பந்தலில் சொன்னேன். எங்கே நிறுத்தினால் அழுவார்கள் என்று எனக்கே தெரிந்துபோனது. பெண்கள் வீட்டுக்குப் போய்ப் பிடி அரிசியைக் கூட்டினார்கள்.

எனக்கு என்ன ஆனது? நேராகச் சொல்கிறேன். வேதத்தைத் திறந்தேன், வாசித்துக் காட்டுவதற்கு. ஜெபம் பண்ணினேன், கேட்டவர்களுக்காக. நோயாளிக்கு, கர்ப்பிணிக்கு, கோர்ட்டுக்குப் போகிறவனுக்கு. எனக்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அக்காவைப் பற்றித்தான் கேட்பேன். கர்த்தர்மேல் அவ்வளவு கோபம். கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி வாய் திறப்பது? ஆகவே நடந்தேன். ஒரு சேரி முடிந்தால் அடுத்த சேரி. பதினொரு வருஷம். மலைப்பாதையில் கஞ்சி ஊற்றிக்கொண்டு போனவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

தரையிலிருந்து எழுந்தேன். பிள்ளையைத் தூக்கினேன். கனமே இல்லை. ராகேலைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். இருபது வயது இருக்கும். புருஷன் அந்தக் கல்குவாரியில்தான் உடைக்கிறான். இரண்டு வருஷமாக ஏரி நிரம்பவில்லை. வயல்வேலை இல்லை. வீட்டில் நாலு வாய். ஜெபவீட்டில் சேரிக்குப் பொதுவான பிடி அரிசிப் பானைக்கு அவள்தான் பொறுப்பு. ஞாயிறுதோறும் கிழவர்களுக்கு அதில் கஞ்சி வைப்பாள். அவளைப்போல் விசுவாசி உண்டா என்று நானே ஐயரிடம் சொல்லியிருந்தேன்.

"பால் கீதாடி ஒனக்கு?"

தலையைக் குனிந்தாள். "கொஞ்சம் கொறைச்சல் மா."

"இன்னா துன்னே காலைல?"

"லெந்துல்ல மா. உபாசம். சாயங்காலம் கூழு இருந்தா குடிப்பேன். அவங்கள்லாம் துன்னப்பறம்."

அவங்களெல்லாம் சாப்பிட்ட பிறகு. இதை நன்றாகக் கேளுங்கள். பிடி அரிசி எல்லாருடைய பங்கிலிருந்தும் எடுப்பதாகத்தான் பேச்சு. உலையில் ஒரு பிடி குறைகிறது. புருஷனுக்குக் குறைக்க மாட்டாள். மாமனுக்குக் குறைக்க மாட்டாள். கடைசியில் சட்டியைச் சுரண்டுகிறவளுக்குத்தான் அந்த ஒரு பிடி குறையும். எங்கள் வீடுகளில் கடைசியில் சாப்பிடுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"பானைல அரிசி கீதே. எட்த்து ஒல வையேன். பச்சைக் கொயந்தக்காரி."

ராகேல் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. நான் அவளைச் சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"இன்னாம்மா நீங்களே இப்டி சொல்றீங்க? எட்த்து வெச்ச கை திரும்ப எடுக்குமா? அன்னம்மாக்கா எட்த்தாங்களா?"

என் காது அடைத்துக்கொண்டது. வேட்டு வெடிக்காமலே அடைத்தது.

"அவ புள்ளையும் செத்துதுடி."

"கர்த்தருக்குக் கொட்த்தாங்க. நீங்கதான சொன்னீங்கோ." அவள் குரலில் எதிர்ப்பு இல்லை. பாடம் ஒப்பிக்கிற குழந்தையின் குரல். பிறகு மெதுவாகக் கேட்டாள். "கர்த்தர் ஒங்ககிட்ட எதுனா சொன்னாராமா? துன்னச் சொன்னாரா? அவரு சொன்னார்னு சொல்லுங்க. இப்பவே துன்றேன்."

சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. பிள்ளை பிழைக்கும். நாக்கு புரளவில்லை. பதினொரு வருஷமாக அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாதவள், அவர் சொன்னார் என்று எந்த வாயால் சொல்வேன்? எல்லாருக்கும் அவர் பேச்சை எடுத்துப்போனவள். என் பாத்திரத்தில் ஒன்றும் இல்லை. அந்த நிமிஷம் அது எனக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பிள்ளையின் உயிர் அந்த ஒரு வார்த்தையில் நிற்கிறது. வார்த்தை என்னிடம் இல்லை.

பக்கத்துக் குடிசையில் ஆட்டுப்பால் வாங்கினேன். சங்கில் ஊற்றிப் பிள்ளைக்குப் புகட்டினேன். பாதி வழிந்தது. "இத நாழிக்கு ஒரு வாட்டி குடு. நான் பார்லி வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நடக்கவில்லை. ஓடினேன். வரப்பு. சவுக்குத் தோப்பு. மணல். கால்வாய்த் துறை. தோணி ஏறினால் அக்கரை மாமல்லபுரம். அக்கரையில் இறங்கினதும் துறையிலேயே காதர் பாய் கடை. உப்பும் விறகும் ஏற்றிவரும் படகுக்காரர்களுக்கு மளிகைச் சாமான் விற்கிறார். மலைப்பாதையை அறிந்தவர்கள் இந்தத் தாலுக்காவில் நாங்கள் இரண்டு பேர்தான். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"பார்லி டப்பா ஒண்ணு பாய். சீக்கிரம்."

"இன்னா தெபோரா? மூஞ்சி ஏன் இப்டி கீது? நாஸ்தா ஆச்சா?"

"லெந்து பாய். உபாசம்."

"எப்போ தொறப்பே?"

அவர் டப்பாவை எடுக்காமல் நின்றார்.

"நோம்புன்னா தொறக்கணும்மா. தொறக்காத நோம்புக்குப் பேரு வேற."

நான் ராகேலைப் பற்றிச் சொன்னேன். பிள்ளை அழவில்லை என்று சொன்னேன். எடுத்து வைத்த கை என்று அவள் சொன்னதைச் சொன்னேன். பாய் உட்கார்ந்துவிட்டார். தராசைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினார். "பதினோரு வருசமா நீ சொல்ற கதைய நானும் கேட்டுக்கினுதான் கீறேன். தியாகம்னு சொல்றாங்கோ. இருக்கட்டும். ஆனா பசிம்மா அது. என் கண்ணால பாத்தேன். கைக்கொயந்தக்காரிக்கு எங்கள்ல நோம்பே கெடையாது. அந்த அல்லாவே வாணான்றான். அன்னம்மாவுக்கு அத யாரும் சொல்லலியே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தார். ஆப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தது.

"வாணா பாய். தோணி வந்துரும்."

"தோணி அக்கரைல கீது. எய்ந்து கைய கய்வு. மொதல்ல துன்னு. திரும்பி எம்மாந்தூரம் போவணும் நீ."

சாப்பிட்டேன். தோணி வரவில்லை. கடை வாசலில் பெஞ்சு. உட்கார்ந்தேன். உட்கார வராதவள் உட்கார்ந்தேன். பையிலிருந்து வேதத்தை எடுத்தேன். ராகேலை மடக்க ஒரு வசனம் வேண்டும். பிடி அரிசிக்காக ஐயர் எப்போதும் எடுக்கிற பகுதியைத் திறந்தேன். பஞ்சகாலத்து விதவை. கடைசிப் பிடி மாவில் தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்தவள். எத்தனை தடவை வாசித்துக் காட்டியிருப்பேன். அங்கேயே இருக்கிறது. அதற்கப்புறம் அவளும் சாப்பிட்டாள், வீட்டாரும் சாப்பிட்டார்கள். ஒருநாள் இல்லை. அநேக நாள். நாங்கள் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவோம்.

இரண்டு அதிகாரம் தள்ளி வாசித்தேன். யாருக்கும் வாசித்துக் காட்ட இல்லை. எனக்கு. அதே தீர்க்கதரிசி. ஊருக்கெல்லாம் கர்த்தருடைய வார்த்தையைக் கொடுத்தவன். ஓடுகிறான். வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே படுக்கிறான். போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூதன் வருகிறான். உபதேசம் பண்ணவில்லை. திட்டவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடை. தண்ணீர். மறுபடியும் படுக்கிறான். தூதன் மறுபடியும் எழுப்புகிறான். போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறான்.

நான் தலையை நிமிர்த்திக் கடைக்குள் பார்த்தேன். கைலி கட்டிக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு, காதர் பாய் புளி நிறுத்துக்கொண்டிருந்தார்.

அழுதேன். படகுக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். முக்காட்டை இழுத்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். சபையில் பண்ணுகிற பாஷை வரவில்லை. "ஆண்டவரே, எங்க அக்கா பசியில செத்தா. நீர் பாத்துக்கினு இருந்தீர். எனக்குக் கோவம். பதினோரு வருசமா கோவம். எனக்குப் பசிக்குது." அவ்வளவுதான். வானத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. வந்தது என்றால் பொய். பசிக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அத்தனை வருஷமாக அதுகூடத் தெரியவில்லை.

தோணி வந்தது. பொழுது சாயும் முன் சேரிக்கு வந்துவிட்டேன். நேராக ஜெபவீட்டுக்குள் போனேன். ராகேலைக் கூப்பிட்டேன். அடுப்பை மூட்டச் சொன்னேன். பிடி அரிசிப் பானையின் மூடியைத் திறந்தேன். புதன்தோறும் அதில் நானும் ஒரு பிடி போட்டு வந்தவள். நானும் எடுத்து வைத்த கைதான். கையை உள்ளே விட்டேன்.

"கைய எடு! அது கோயில் அரிசி! கைய எடும்மா!"

சபை மூப்பர் யாக்கோபு. வாசலில் நின்று கத்தினார். நல்ல மனுஷன். எனக்கு அப்பா வயது. அவர் சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது.

நான் கையை எடுத்தேன். அரிசியோடு எடுத்தேன். களைந்தேன். உலையில் போட்டேன். ராகேல் சுவரோடு ஒட்டி நின்றாள். பிள்ளை அவள் தோளில். கஞ்சி கொதிக்கிற நேரத்துக்குள் நான் சாட்சி சொன்னேன். அழுகை வரும் இடத்தில் நிறுத்தவில்லை. மூட்டையில் அரிசி இருந்தது என்றேன். அந்த அரிசியைத் தின்றுதான் நான் உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றேன். கர்த்தர் அதைத் திங்கவேண்டாம் என்று சொல்லவில்லை, நாம் சொன்னோம் என்றேன். பிறகு அந்த அதிகாரத்தை வாசித்தேன். படுத்தவனை எழுப்பிச் சோறு போட்ட இடத்தை. முதல் தடவையாக, நான் சாப்பிட்டதை எடுத்துப் பரிமாறினேன்.

"ராகேலு. கேட்டியே. சொன்னார்."

"இன்னா சொன்னாரு?"

"எய்ந்து துன்னுன்னார். எனக்குச் சொன்னார். நான் துன்னேன். இப்ப ஒனக்குச் சொல்றேன்."

கஞ்சியை முதலில் நான் குடித்தேன். எல்லாரும் பார்க்கக் குடித்தேன். நாக்கு சுட்டது. பிறகு அவள் கையில் கொடுத்தேன். அவள் மூப்பரைப் பார்த்தாள். மூப்பர் பிள்ளையைப் பார்த்தார். "துன்னு தாயே" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார். ராகேல் குடித்தாள். ஒரு மடக்கு. பிறகு இன்னொன்று. பிறகு நிறுத்த முடியாமல் குடித்தாள். கஞ்சியில் கண்ணீர் விழுந்தது. நாங்கள் உப்புப் போட மறந்திருந்தோம்.

செங்கல்பட்டுக்குத் தகவல் போனது. ஐயர் கூப்பிட்டுக் கேட்டார். சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. அடுத்த கன்வென்ஷனில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. போகட்டும். காலையில் எழுந்ததும் எனக்கென்று ஒரு பகுதி வாசிக்கிறேன். சிலநாள் சண்டை போடுகிறேன். சிலநாள் சும்மா இருக்கிறேன். அதற்குப் பிறகுதான் பஸ். அந்தச் சேரியில் பிடி அரிசி நிற்கவில்லை. பிள்ளைக்காரி சாப்பிட்ட பிறகுதான் பிடி எடுப்பது என்று மூப்பரே மாற்றிவிட்டார். தானே கண்டுபிடித்ததுபோல் எல்லாரிடமும் சொல்கிறார்.

அதே லெந்து. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின புதன். ஜெபக்கூட்டம். உச்சிப்பொழுது. பாட்டு நடக்கிறது. வேட்டு வெடிக்கிறது. நான் விழுகிறேன். பழக்கம் போகாது. கன்னம் தரையில். தூசு கொட்டுகிறது. என் காதுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுகிறது. மூச்சுப் பிடித்து, முகம் சிவந்து, காலை உதைத்து அழுகிறது. ராகேல் ஓடிவந்து தூக்கினாள். "பயந்துட்டாம்மா, பயந்துட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் தரையிலேயே கிடந்து அந்த அழுகையைக் கேட்டேன். முடியும்வரைக்கும் கேட்டேன்.

சாட்சி என்றால் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன்.

ஏசடியான். மூட்டை தூக்குகிறவர். ரங்கூன் துறைமுகம். உடல் கிடைக்கவில்லை.

சாராள். அவர் தாய். மலைப்பாதை. வாந்திபேதி.

மீரான். காதர் பாயின் தம்பி. பத்தொன்பது வயது. அதே பாதை. குழி ஆழம் போதவில்லை.

சாலமோன். எட்டு மாதம் நிறையவில்லை. பால் இல்லை.

அன்னம்மாள். என் அக்கா. இருபத்திரண்டு வயது. பசி. பக்கத்தில் அரிசி இருந்தது.

ஒரு வீடு. ஒரு உரல், உலக்கை. பித்தளையில் ஒரு அச்சுமுறுக்கு அச்சு.

என் ஜெபம். பதினொரு வருஷம்.

ராகேலின் பிள்ளைக்குத் தானியேல் என்று பெயர். அவன் இந்தக் கணக்கில் இல்லை.